நகல் குழந்தைக்கு ஆன்மா இருக்குமா?

வாசகர் கேள்வி, 2 மார்ச் 2024

சீனாவில் நகலாக்கம் (குளோனிங்) செய்த ரீசஸ் குரங்கு ஒன்று இரண்டு வயதைத் தாண்டிவிட்டதாக ஜனவரியில் செய்தி வந்தது. குரங்கு வந்துவிட்டது என்றால் மனிதன் வெகுதூரத்தில் இல்லை. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தாய் தந்தை சேர்க்கையில் உண்டாகும் கருவில்தான் ஆன்மா வந்து தங்குகிறது. ஆய்வகத் தட்டில் ஒரு தோல் செல்லிலிருந்து வளர்த்த உடம்பில் உயிர்ப்பு இருக்கலாம், ஆன்மா இருக்காது. அப்படியானால் அதிலிருந்து ஒரு சிறுநீரகத்தை எடுப்பதில் பாவம் எங்கே வந்தது? வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போய்வருகிறவர்களைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பதில், 2 மார்ச், இரவு

பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என் அத்தை நான்கு மணி நேரம் அந்த நாற்காலியில் கிடந்துவிட்டு வரும்போது பேசவும் தெம்பிருக்காது. அதைக் காட்டி வாயை அடைக்க வேண்டாம்.

தட்டில் உருவானால் ஆன்மா வராது என்கிறீர்கள். சிங்கப்பூரின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது 1983இல். நாற்பது வயதைத் தாண்டிய ஆளிடம் போய் ‘உங்களுக்கு ஆன்மா கிடையாது’ என்று சொல்லிப் பாருங்கள். அதற்குப் பிறகு தட்டில் உருவான எத்தனையோ பிள்ளைகள் தேசிய சேவையையே முடித்துவிட்டார்கள். எந்தத் தேவாலயமும் கோயிலும் பள்ளிவாசலும் வாசலில் நிறுத்தி, ‘நீ தட்டா, கட்டிலா’ என்று கேட்டதில்லை.

3 மார்ச்

தட்டு வேறு, நகல் வேறு, சேர்க்கையே இல்லாததுதான் சிக்கல் என்று ஈசூன் வட்டாரத்திலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயம். அந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஓய்வு பெறும்வரை செயற்கைக் கருத்தரிப்பு ஆய்வகம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன்.

கருமுட்டை ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. நுண்ணோக்கியின் திரையில் அது தெரியும்போது இடப்பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் அதை லேசாக உறிஞ்சிப் பிடித்திருக்கும். முட்டையின் ஓரத்தில் துருவ உடல் என்று ஒரு சின்னக் குமிழ் உண்டு. அது பன்னிரண்டு மணிப் பக்கமோ ஆறு மணிப் பக்கமோ வரும்படி முட்டையை உருட்டி நிறுத்திவிட்டு, மூன்று மணிப் பக்கத்திலிருந்து ஊசியை விடுவார்கள். முட்டையின் உட்சவ்வு உடனே கிழியாது. ஊசியோடு சேர்ந்து உள்ளே குழிந்துகொண்டே போகும். மருத்துவர் கொஞ்சம் பின்னுக்கு உறிஞ்சுவார், சட்டென்று விட்டுக்கொடுக்கும், ஒரு விந்தணு உள்ளே இறங்கும். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம் இருக்கும் இடத்தில் ஊசி பட்டுவிடக் கூடாது என்பதற்காகத்தான் குமிழை ஒதுக்கி நிறுத்துவது.

நகலாக்கத்தில் ஏறக்குறைய இதே கருவிகள்தான். ஆனால் ஊசி வேண்டுமென்றே அந்தக் குமிழின் பக்கம் போகும். அங்கே இருக்கும் குரோமோசோம்களை உறிஞ்சி எடுத்துவிட்டு, வேறோர் உடம்பின் செல்லைப் பக்கத்தில் வைத்து, சிறு மின்துடிப்பால் இரண்டையும் இணைப்பார்கள். டாலி என்ற செம்மறிக்குட்டி அப்படி வந்ததுதான். விந்தணுவின் இடத்தில் மின்சாரம்.

இந்த வரிசையில் எந்த இடத்தில் ஆன்மா பயந்து ஓடிப்போகிறது என்று ஈசூன்காரர் சொல்லட்டும்.

4 மார்ச்

கௌரவர்கள் நூறு பேரும் குளோன்கள், வியாசர்தான் முதல் விஞ்ஞானி என்று ஒருவர். யாராவது ஒருவர் எழுதுவார் என்று காத்திருந்தேன்.

சரி, உங்கள் வழிக்கே வருகிறேன். ஒரே பிண்டத்தைப் பிரித்து நெய்க்குடங்களில் வைத்துப் பிறந்தவர்கள். அவர்களில் துச்சலை பெண். விகர்ணன் சபை நடுவே எழுந்து, பாஞ்சாலிக்கு நடப்பது அநியாயம் என்று சொன்னவன். ஒரே பிண்டத்திலிருந்து துச்சாதனனும் வருகிறான், விகர்ணனும் வருகிறான். உங்கள் சான்று என் கட்சிக்குத்தான் ஆதரவு.

8 மார்ச், சிவராத்திரி, மூன்றாம் சாமம்

கண் விழிக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

சைவ சித்தாந்த வகுப்பில் இதைக் கிளப்பினேன். ஆசிரியர் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தை எடுத்தார். திருவெண்ணெய்நல்லூரில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த மனிதர், உடம்பை ‘மாயா இயந்திர தனு’ என்கிறார். மாயையிலிருந்து வந்த இயந்திரம் இந்த உடம்பு, ஆன்மா அதனுள் இருப்பது. இயந்திரத்தை யார் எப்படிப் பூட்டினார்கள் என்பது மாயையின் கணக்கில் வரும். ஆன்மா எண்ணற்றது, தொடக்கமில்லாதது, யாரும் உண்டாக்கியதில்லை. தாய் தந்தையும் உண்டாக்கவில்லை. அப்படியிருக்க ஆய்வகம் உண்டாக்கவில்லை என்று குறைப்படுவானேன்?

அதே சூத்திரத்தில் இன்னொரு காரணமும் வருகிறது: உணர்த்த உணர்வது ஆன்மாவின் இயல்பு. தானாக எல்லாம் அறிந்துகொண்டு அது வருவதில்லை, ஒன்று உணர்த்தினால்தான் உணரும். நகல் குழந்தையும் பால் குடிக்கக் கற்று, விழுந்து எழுந்து, அம்மா சொல்லித் தந்த பிறகுதான் நிலாவை அறியும். செல்லைக் கொடுத்தவருடைய நினைவு ஒன்றுகூட அதற்கு வராது. அதற்குத் தனி ஆன்மா, தனி வினை. என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி இங்கேயே முடிந்துவிட்டது. சைவர்கள் இதில் தடுமாறவே தேவையில்லை.

முடியாமல் நிற்பது வேறு கேள்வி. ஆன்மா இல்லை என்று முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கத்தியை எடுப்பது புதிய பழக்கமில்லை. அடிமைகளுக்கும் இதைத்தான் சொன்னார்கள்.

9 மார்ச்

தூங்கி எழுந்து மேலே உள்ளதைப் படித்தேன். கடைசி வரி கடுமைதான். இருக்கட்டும்.

14 மார்ச்

ஆன்மா எப்போது நுழைகிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எங்கள் ஆய்வகத்தின் மதிய உணவு மேசையில் இந்தச் சண்டை வாராவாரம் நடக்கும். கத்தோலிக்கத் தோழி கருவுற்ற கணத்திலிருந்தே என்பார். மலாய்த் தோழி 120 நாள் என்பார். கர்ப்ப உபநிடதத்தைக் காட்டி ஏழாம் மாதம் என்று நான் சொன்னால், ‘அதுவரை உள்ளே இருப்பது யார்’ என்று இருவரும் ஒரே குரலில் கேட்பார்கள். சீனத் தோழர் பேசமாட்டார், சாப்பிடுவார். இப்போது நோன்பு மாதம் தொடங்கியிருக்கிறது. மலாய்த் தோழிக்கு வாழ்த்துச் சொல்லத் தொலைபேசியில் அழைத்தேன், 120ஐ இன்னும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அரசாங்கம் எங்கள் மேசையைப் போல விட்டுவிட முடியாதல்லவா? சிங்கப்பூரின் உயிரியல் நன்னெறி ஆலோசனைக் குழு 2000இல் அமைந்தது. சமயக் குழுக்களின் கருத்துகளையும் கேட்டு 2002இல் பரிந்துரை தந்தது. மனிதனை நகலாகப் பிறப்பிப்பது கூடாது. ஆய்வுக்கான கரு 14 நாளைத் தாண்டக் கூடாது. ஏறத்தாழ அந்தக் கட்டத்தில்தான் கருவில் முதுகெலும்புக்கான முதல் கோடு தோன்றும். அதற்கு முன்னால் ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையாகவும் ஆகலாம்.

இந்த இரட்டைதான் கத்தோலிக்கத் தோழியிடம் என் கேள்வி. கருவுற்ற கணத்தில் ஓர் ஆன்மா வந்துவிட்டது, ஒரு வாரம் கழித்துக் கரு இரண்டானால் இரண்டாவது ஆன்மா எப்போது வந்தது? அவர் சிரித்துக்கொண்டே, ‘கடவுளுக்கு எண்ணத் தெரியும்’ என்றார். நல்ல பதில். நகல் குழந்தைக்கும் அதையே சொல்லிக்கொள்ளலாமே.

16 மார்ச்

கணவனை இழந்த பெண் அந்தக் கணவனுடைய செல்லிலிருந்து பிள்ளை பெற்றால் என்ன உறவு என்று கேட்டவருக்கு.

மரபணுக் கணக்கில் அந்தப் பிள்ளை கணவருடைய மகன் இல்லை, காலம் தாழ்ந்து பிறந்த இரட்டைத் தம்பி. ஆகவே அவள் பத்து மாதம் சுமந்து பெறுவது தன் கொழுந்தனை. அவளுக்கு முன்பே பிறந்த பிள்ளைகளுக்கு அவன் சித்தப்பா. மாமியாருக்கு அவன் பேரன் இல்லை, கடைக்குட்டி மகன். அண்ணி தாய்க்குச் சமம் என்பார்கள். நம் முறைவைப்பில் இது ஒன்றுதான் தப்பிப் பிழைக்கிறது. அவன் வளர்ந்து கல்யாணம் என்று வரும்போது முறை பார்க்க உட்காரும் பெரியவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

17 மார்ச்

சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்ந்தார்கள், திருமூலர் செய்ததைத்தான் விஞ்ஞானம் செய்கிறது என்று ஒருவர். இல்லை ஐயா. அந்தக் கதையை இன்னொரு முறை படியுங்கள். நமக்கு இதைவிட நெருக்கமான வழக்கு வேறு கிடையாது.

பொதிகைக்குப் போகும் சிவயோகி ஒருவர் காவிரிக் கரையில் சாத்தனூர் மேய்ப்பன் மூலன் இறந்து கிடப்பதைப் பார்க்கிறார். பசுக்கள் உடம்பைச் சுற்றி நின்று கதறுகின்றன. அவற்றின் துயரம் பொறுக்காமல் தம் உடம்பை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடம்பில் புகுகிறார்; அவர்தான் திருமூலர். மாலையில் பசுக்கள் தத்தம் வீட்டுக்குப் போகின்றன. மூலனின் மனைவி வருகிறாள். அதே முகம், அதே கை. அவள் தொட வருகிறாள், அவர் விலக்குகிறார். உனக்கும் எனக்கும் உறவில்லை என்று சொல்லிவிட்டு ஒரு மடத்துக்குள் போய்விடுகிறார். அவள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் போய்ப் பார்த்து, இவர் சிவயோகத்தில் இருப்பவர், இனி உன்னோடு வாழமாட்டார் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள்.

உடம்பு முழுக்க அதே உடம்பு. நகல்கூட அல்ல, அசல். ஆன்மா வேறு என்றதும் உறவு இல்லை என்று ஊர் ஒப்புக்கொள்கிறது. இறந்தவரின் செல்லிலிருந்து இறந்தவரைத் திரும்பப் பெறலாம் என்று நம்புகிறவர்களுக்குச் சாத்தனூர் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

18 மார்ச்

இரவு முழுவதும் அந்த மனைவியையே நினைத்துக்கொண்டிருந்தேன். பசுக்களின் அழுகைக்கு இரங்கியவர், அவளுடைய அழுகைக்கு என்ன செய்தார்? கணவன் இறந்த சேதியே அவளுக்கு முறையாகக் கிடைக்கவில்லை. அழுவதற்கு ஓர் உடம்பு வேண்டும், அந்த உடம்போ எழுந்து நடந்துகொண்டிருக்கிறது. யோகியைக் குறை சொல்லவில்லை. ஆனால் நேற்று நான் அந்தத் தீர்ப்பைப் பாராட்டி எழுதிய வேகம் இன்று எனக்குப் பிடிக்கவில்லை. தீர்ப்பு சரி, அவளுக்கு அது போதாது.

23 மார்ச்

நகலாகப் பிறந்தவனுக்கு என்ன குறை வந்துவிடும், இரட்டையர்கள் சந்தோஷமாக இல்லையா என்று கேட்கிறீர்கள். இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

எனக்கு இரண்டு தம்பிகள், ஒரே கருவில் பிரிந்தவர்கள். மூத்தவன் முப்பத்தெட்டாம் வயதில் மாரடைப்பில் போய்விட்டான். அங் மோ கியோவில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் கிடத்தியிருந்தோம். பெட்டிக்குள் ஒரு முகம், பெட்டிக்குப் பக்கத்தில் அதே முகம் நின்றுகொண்டு வந்தவர்களுக்குக் கை கொடுத்தது. எதிர்வீட்டுச் சீன மூதாட்டி பணம் வைத்த உறையை நீட்டியவர், இவனைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். யாரையும் குறை சொல்ல முடியாது. எனக்கே அவனைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு ஒரு முறை நின்று போனது.

மண்டாயில் எரித்துவிட்டு வந்தோம். பதினாறாம் நாள் கருமாதி முடிந்தது. அதன் பிறகு தொடங்கியது அம்மாவின் தேநீர். போனவன் டின்பால் நிறைய ஊற்றிய தேநீர்தான் குடிப்பான். இளையவனுக்குச் சர்க்கரை நோயின் தொடக்கம், தேநீரில் பாலே சேர்க்கமாட்டான். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால் அம்மா டின்பால் தேநீரை நீட்டுவார். அவனும் வாங்கிக் குடிப்பான். பிறகு போனவனின் சட்டைகள் வந்தன. பிறகு போனவன் உட்காரும் நாற்காலி. ஒருநாள் பெயரும் மாறியது, அவன் திருத்தவில்லை.

ஓர் ஆண்டு பொறுத்தான். பிறகு தாடி வளர்த்தான். அம்மாவுக்குத் தாடியைக் கண்டால் ஆகாது, முகத்தையாவது பார்க்க விடுகிறானா என்று என்னிடம் புலம்புவார். பிறகு வருவதையே குறைத்துக்கொண்டான். நான் சண்டை போட்டேன். பெற்றவளுக்காக ஒரு கோப்பைத் தேநீர் குடித்தால் குறைந்தா போய்விடுவாய் என்றேன். அவன் சொன்னான்: “அக்கா, அந்த வீட்டில் செத்தது நான்தான்.”

அவனுக்காவது முப்பத்தெட்டு வருடம் சொந்தப் பெயரில் வாழ்ந்த வாழ்க்கை இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போக முடிந்தது. பிறக்கும்போதே இன்னொருவரின் நாற்காலியில் உட்கார வைக்கப்படும் குழந்தை எங்கே போகும்? இனிப்பு பிடிக்கவில்லை என்று அது சொன்னால், ‘உனக்குப் பிடிக்குமே’ என்பார்கள். அதற்கென்று வந்த வினையை அனுபவிக்க விடாமல், இன்னொருவர் முடித்துவிட்டுப் போன கணக்கை அதன் தலையில் எழுதுவார்கள். குளோனிங்கில் பாவம் எங்கே என்று கேட்டால் நான் ஊசியைக் காட்டமாட்டேன். அந்தத் தேநீரைக் காட்டுவேன்.

அம்மாவைப் பாவி என்று சொல்லவில்லை. அவர் நகலுக்கு ஆர்டர் கொடுக்கவில்லை. துக்கத்தில் கைக்கு எட்டிய முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

25 மார்ச், பங்குனி உத்திரம்

காவடி பார்த்துவிட்டு வரும் வழியில் தெரிந்த குருக்களிடம் கேட்டேன்: ‘நகலாகப் பிறந்தவனுக்கும் செல்லைக் கொடுத்தவருக்கும் ஒரே அர்ச்சனை போதுமா?’ அவர் யோசிக்கவே இல்லை. “பிறந்த நேரம் வேறு, நட்சத்திரம் வேறு, ராசி வேறு. தனிச் சீட்டு வாங்க வேண்டும்” என்றார். மெய்கண்டாரை நான் மூன்றாம் சாமம்வரை இழுத்த விஷயம் அர்ச்சனைச் சீட்டு முகப்பில் முடிந்துவிட்டது.

30 மார்ச்

டாலி சீக்கிரம் கிழமாகிச் செத்தது, நகல்கள் எல்லாம் அரை ஆயுள் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள். டாலி 1996 ஜூலை 5இல் பிறந்து 2003 பிப்ரவரி 14இல் இறந்தது. காரணம் செம்மறிகளுக்கு வைரஸால் வரும் நுரையீரல் கட்டி; மந்தையில் வேறு ஆடுகளுக்கும் வந்ததுதான். அதே செல் வரிசையிலிருந்து பிறகு பிறந்த நான்கு ஆடுகள் வயதுக்கேற்ற ஆரோக்கியத்தோடு இருப்பதாக 2016இல் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

நகலாக்கத்துக்கு எதிராகப் பேச ஆயுள் கணக்கு தேவையில்லை. பிறக்காமல் போன கணக்கு போதும். டாலிக்காக இணைத்த முட்டைகள் 277. அவற்றில் 29 கருக்களாகத் தேறின. 13 ஆடுகளின் வயிற்றில் வைத்தார்கள். ஒரே குட்டி. கருக்களை உறையவைக்கும் நைட்ரஜன் தொட்டியின் பக்கத்தில் வருடக்கணக்காக நின்றவள் நான். கரு ஒட்டவில்லை என்று சொன்னதும் தொலைபேசியின் மறுமுனையில் விழும் மௌனம் எப்படிப்பட்டது என்று தெரியும். இந்தக் கணக்கில் மனிதக் குழந்தையை முயல வேண்டுமானால் எத்தனை பெண்களின் வயிறு வேண்டும்? பாதியில் கலைந்தவை, ஊனத்தோடு வந்தவை, இவற்றையெல்லாம் யார் தூக்கிக்கொள்வார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது என்பவருக்கு ஒன்று. இங்கே 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி மனித நகல் கருவை உடம்பில் வைப்பது குற்றம். 100,000 வெள்ளி வரை அபராதம், பத்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். சட்டம் கடுமையாக இருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஆனால் தப்பித்தவறி ஒரு குழந்தை பிறந்துவிட்டால் குற்றம் பெரியவர்களோடு நிற்க வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழும் கோயில் பிரசாதமும் குறைவின்றிக் கிடைக்க வேண்டும்.

6 ஏப்ரல்

முதலில் கேள்வி கேட்டவர் சிறுநீரகத்தை விடவில்லை. நானும் விடப்போவதில்லை.

மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இங்கே 1987இலேயே வந்துவிட்டது. முதலில் விபத்தில் இறந்தவர்களின் சிறுநீரகம் மட்டும். 2004இல் எந்தக் காரணத்தால் இறந்தாலும் என்று ஆனது; கல்லீரல், இதயம், விழிவெண்படலமும் சேர்ந்தன. 2008இல் முஸ்லிம்களும் உள்ளே வந்தார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் ஒழிய, 21 வயதான குடிமக்களும் நிரந்தரவாசிகளும் கொடையாளர்கள்தான். நம்மவர்களில் சிலர் எழுதிக் கொடுக்கிறார்கள். கேட்டால், கண்ணை எடுத்துவிட்டால் அடுத்த பிறவியில் குருடாகப் பிறப்போம் என்பார்கள். மண்டாயில் முழு உடம்பையும் எரிக்கிறோமே, அடுத்த பிறவியில் உடம்பே இல்லாமலா பிறக்கப்போகிறோம்?

டயாலிசிஸ் நாற்காலியில் இருப்பவர்மேல் உங்களுக்கு இரக்கம் இருப்பது உண்மைதான், சந்தேகப்படவில்லை. அப்படியானால் ஆன்மா இல்லாத ஒரு மனிதனைக் கற்பனையில் வளர்த்து அறுப்பதற்கு முன், நீங்களோ உங்கள் வீட்டாரோ அந்த விலகல் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போட்டிருந்தால் திரும்பப் பெற வழியிருக்கிறது.

7 ஏப்ரல்

செத்துப்போன பூனையை வெளிநாட்டு நிறுவனத்திடம் கொடுத்து நகலெடுக்கலாமா, பணம் பிரச்சினையில்லை என்று ஓர் அம்மா.

2001 கடைசியில் டெக்சஸில் பிறந்த முதல் நகல் பூனையின் கதை உங்களுக்குத் தெரியுமா? மூலப் பூனை ஆரஞ்சும் கறுப்பும் வெள்ளையும் கலந்தது. நகலுக்கு ஆரஞ்சு நிறமே வரவில்லை. அந்த நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அணைந்து கிடக்கும். எடுத்த செல்லில் ஆரஞ்சு அணைந்திருந்தது. பெரும் பணம் கொடுத்து வேறு நிறத்தில் ஒரு பூனை வாங்க விருப்பமென்றால் வாங்குங்கள்.

அதற்கு ஆன்மா உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் நீங்கள் இருப்பது வீவக வீடு, அதாவது அரசாங்க அடுக்குமாடி வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். விதியை 2024இல் தளர்த்தினார்கள். அதுவரை அங்கே அசல் பூனைக்கே அனுமதி இல்லாமல் இருந்தது.